ஒரு மார்க் கேள்வி

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் துப்புரவுச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"எம் பொண்ணுக்கு ஒரு மார்க் போனது என்னாலதாங்க்கா."

"நீ இன்னாடி பண்ண?"

"கொத்தடிமை முறை எந்த வருஷம் ஒழிஞ்சதுன்னு பரீட்சையில கேட்டாங்களாம். செங்கல் சூளைலேர்ந்து எங்களை மீட்டப்போ விடுதலை சர்டிபிகேட்டுன்னு ஒண்ணு குடுத்தாங்கல்ல, பீரோல கீதே, அதுல போட்ருக்கிற வருஷத்தை எழுதி வச்சிட்டா. டீச்சர் தப்புன்னு அடிச்சிட்டாங்க."

"போய்ச் சொல்றதுதானே?"

"போனேன். புக்கைத் தொறந்து, இதான் சரியான வருஷம்னு காட்டுனாங்க."

"நீ இன்னா சொன்ன?"

பாரிவாக்கம் வந்தது. அவள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சொல்றது? புக்குல அது ஒழிஞ்சதுக்கு அப்புறந்தாங்க்கா, நான் அந்தச் சூளையிலயே பொறந்தேன்."