பதினோரு பேர் வாழ்த்து

ஓவியா: ஸ்கூல் குரூப்ல இன்னொரு வாழ்த்து வந்திருக்குதுங்க. எல்கேஜி ஆர்த்தி மிஸ். படிக்கட்டுமா?

மாறன்: படி, படி. கைதான் வெங்காயம் உரிக்குது, காது சும்மாதான இருக்குது.

ஓவியா: ஐ அப்ளாட் யூ மேடம்னு ஆரம்பிக்குது.

மாறன்: அப்ளாட்டா! பரவால்லயே. எல்கேஜி டீச்சரில்ல... கைதட்டியே பழக்கம்.

ஓவியா: கிண்டல் பண்ணாதீங்க. பரசுராமன் சாரு சல்யூட்னு போட்டிருக்காரு.

மாறன்: பிடி மாஸ்டர் வேற இன்னா பண்ணுவாரு?

ஓவியா: ஆபீஸ் பிரகாஷ் கங்கிராஜுலேட். லேப் வேடியப்பன் காம்ப்ளிமென்ட்...

மாறன்: அது ரெண்டும் வேற வேற. கங்கிராஜுலேட்னா கெடைச்சதுக்குச் சொல்றது. காம்ப்ளிமென்ட்னா உன்கிட்ட ஏற்கெனவே இருக்கறதுக்குச் சொல்றது.

ஓவியா: பாடம் அப்புறம் நடத்துங்க. காலையிலேந்து பதினோரு பேருங்க! ஒருத்தர் போட்ட வார்த்தைய இன்னொருத்தர் போடல. போன வருஷம் பிரகாஷுக்குக் கல்யாணம் ஆச்சே... எச்எம் ஆதிமூலம் சாருலேந்து எல்லாரும் ஒரே மெசேஜத்தான காப்பியடிச்சோம்?

மாறன்: அது இல்லடி! அது ஆதிமூலம் சாரு பிறந்தநாளு. பிரகாஷ் போட்டத அப்படியே எடுத்துப் போட்டு, கடைசில அவன் பேரக்கூட அழிக்காம... அன்னிக்கு பதினாலு பேரும் பிரகாஷாயிட்டாங்க!

ஓவியா: ஆமா ஆமா! நான்கூட பிரகாஷ்தான்... குரூப்ல இங்கிலீஷ்லதான் போடணும்னு கரஸ்பாண்டன்ட் சொல்லிட்டாருன்னா பாவம், அவங்கதான் இன்னா செய்வாங்க? ஆனா ஒரே வருஷத்துல எல்லாருக்கும் எப்படிங்க இங்கிலீஷ் இவ்ளோ ஜாஸ்தியாச்சு?

மாறன்: அந்த ஸ்கூல்ல இங்கிலீஷ் வாத்தியாரு நல்லவரு போல.

ஓவியா: இருக்கும். அந்த நல்லவருதான் வெள்ளிக்கெழமையிலேந்து எங்கிட்ட வாழ்த்தா ஒரு வார்த்தை சொல்லல. இன்னா, கண்ணு கலங்குது? வெங்காயமா?

மாறன்: வெங்காயந்தான்.

ஓவியா: ஆதிமூலம் சாரு ரிட்டயர் ஆனதும் எச்எம் வேலைக்கு நாம ரெண்டு பேருந்தான கேட்டோம். ஒரே வண்டியிலதான் இன்டர்வியூக்குப் போனோம். எனக்குன்னு சொன்னதும், வண்டி சாவியக் காணோம்னு நீங்க வெளிய போய்ட்டீங்க. சாவி வண்டியிலயே தொங்கிட்டிருந்துச்சு.

மாறன்: பாத்துட்டியா...

ஓவியா: பாத்தேன். நீங்க எனக்கு மூணு வருஷம் சீனியருங்க. நாளைக்குக் காலைல நான் அந்த நாற்காலில உக்காரணும், நீங்க எதிர்ல நின்னு லீவ் கேக்கணும். எப்படிங்க முடியும் என்னால?

மாறன்: நான் லீவே எடுக்கல, வுடு.

ஓவியா: விளையாடாதீங்க! எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல.

மாறன்: சரி சரி... அடுத்தத படி. சடையண்ணன் போட்டிருப்பாரே.

ஓவியா: வேன் டிரைவர் போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாறன்: போட்டிருப்பாருன்னுதான சொன்னேன்! படியேன்.

ஓவியா: அப்ரிஷியேட்னு எழுதியிருக்காரு. பௌர்ணமியன்னிக்கு கிரிவலக் கூட்டத்துல வேன் மாட்டிக்கினு புள்ளைங்க பசியில அழுவுங்களே... அன்னிக்கு மட்டும் மதியமே ஸ்கூல் வுடணும்னு நாலு மாசம் விடாம கேட்டு வாங்கினது நாந்தானாம். எனக்கே மறந்துபோச்சுங்க.

மாறன்: நீ மறக்கலாம். நாங்க மறக்கலாமா? நாங்கல்லாம் டீ குடிச்சினு பேசினதோட சரி. போய்க் கேட்டது நீ ஒருத்திதான்.

ஓவியா: பரசுராமன் சாரு எழுதினத முழுசா கேளுங்க. கிரைண்டர் ஓடற நேரத்துல, சமையக்கட்டு சுவத்துல பென்சில்ல நாளைக்கு நடத்தப்போற கணக்கப் போட்டுப் பாக்கற டீச்சர நான் வேற எங்கயும் பாத்ததில்லங்கறாரு.

மாறன்: நல்லாத்தான எழுதியிருக்காரு.

ஓவியா: பரசுராமன் சாரு நம்ம வீட்டு வாசல்ல செருப்புகூட கழட்டினதில்லங்க. சமையக்கட்டு சுவர எப்பப் பாத்தாரு? பேசுங்க.

மாறன்: அன்னிக்கு பிரகாஷாயிட்டு மானம் போச்சுல்ல? அதான் இந்த வாட்டி ஒவ்வொருத்தரா எனக்கு போன் பண்ணாங்க. சார் எனக்கொண்ணு, எனக்கொண்ணுன்னு... பரசுராமனுக்கு எழுதறப்ப, யாரு பேர்ல எழுதறேங்கறதே மறந்துபோச்சு.

ஓவியா: ஊருக்கெல்லாம் எழுதிக் குடுத்தீங்களே, உங்களுக்குன்னு ஒண்ணு வச்சுக்கலயா?

மாறன்: வச்சிருக்கேன். அட்மையர். மனசுக்குள்ள மெச்சிக்கறது. வாயத் தொறந்து சொல்லணும்னு கட்டாயமில்ல.

ஓவியா: அய்ய... நல்லா தேடிப் புடிச்சீங்களே வார்த்தை!

மாறன்: சொல்ல வாய் வரலடி. பொறாமையா இருந்துச்சு. பொய் சொல்லுவானேன்? நெஞ்செல்லாம் எரிஞ்சுச்சு. அப்பவே, எம் பொண்டாட்டிடான்னு கத்தணும் போலவும் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வந்தா மனுஷன் இன்னாத்த பேசறது?

ஓவியா: அதையே சொல்லியிருக்கலாம்ல? நான் தாங்கமாட்டேனா?

மாறன்: இப்பச் சொல்றேன். உன்ன மாதிரி டீச்சர் அந்த ஸ்கூலுக்குக் கெடைக்கமாட்டா. என்னையும் சேத்துத்தான் சொல்றேன். இன்னா, உன் கண்ணும் கலங்குது? இப்ப நீ வெங்காயம் உரிக்கலயே?

ஓவியா: போங்க... நானும் ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. நாளைக்குக் காலைல குடுக்கறதுக்குன்னு கரஸ்பாண்டன்ட்டுக்கு ஒரு லெட்டர் எழுதி வச்சிருக்கேன். இந்த வேலை எனக்கு வேணாம், என் வீட்டுக்காரருக்கே குடுத்துடுங்கன்னு...

மாறன்: தெரியும். நேத்து சாயங்காலம் செவப்பு பேனாவுக்கு உன் பையத் தொறந்தப்ப படிச்சிட்டேன். எனக்கு யாரும் போன் பண்ணல ஓவியா... அந்த லெட்டர நீ குடுத்துடக் கூடாதுன்னு பதினோரு பேருக்கும் நாந்தான் பண்ணேன்.