மெத்தையில் சத்தம் கேட்காது

பின்னேரத் தேத்தண்ணி எங்கள் வீட்டில் என் கைவேலைதான், மிஸ். தினுஷா போட்டால் சீனி கூடிப்போகும். கலியாணம் முடித்ததிலிருந்து நான்தான் போட்டுக் கொடுக்கிறேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர் பாலையூற்றில் இப்போது என்னைப் பற்றி என்னென்னவோ கதைக்கிறார்கள். பெண்சாதிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற எத்தனை ஆம்பிளைகளை அவர்கள் கண்டிருக்கிறார்கள்?

நீங்கள் பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதில் எனக்குக் கோபமில்லை. சந்தேகப்படுவது உங்கள் வேலை. என் மாமி ஞானமலருக்கும் அதுதான் வேலை, சம்பளம் மட்டும் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வந்த மனுசி மகளின் காலைப் பார்க்கமுதல் என் முகத்தைத்தான் பார்த்தார்.

தினுஷாவைக் கராத்தே வகுப்பில் சேர்த்ததே நான்தான். தையல் மிசினில் இருந்து இருந்து அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெண்களுக்கென்று ஜெஸ்மின் ரீச்சர் கோயில் மண்டபத்தில் வகுப்பு வைக்கிறார், போய்ப் பார் என்றேன். எனக்குத் துறைமுகத்தில் கப்பல் வந்தால் கயிறு பிடித்துக் கட்டுகிற வேலை. அங்கே கழித்துப் போட்ட வடத்தில் ஒரு துண்டு கொண்டு வந்து முற்றத்து மாமரத்தில் கட்டி விட்டேன். அதைப் பிடித்து ஏறி ஏறித்தான் அவளுடைய தோளும் கையும் உரமேறின. அவளுக்குப் பலம் கொடுத்தவன் நான் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

முந்தியெல்லாம் காஸ் சிலிண்டர் மாற்ற என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் நான் வேலையால் வர, புதுச் சிலிண்டர் குசினிக்குள் அடுப்பில் பூட்டியிருந்தது. யார் தூக்கினது என்று கேட்டேன். தான்தான் என்றாள். பக்கத்து வீட்டில் விசாரித்தேன், அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகும் சில நாட்கள் நேரத்தோடு வீட்டுக்கு வந்து பார்த்தேன். யாரும் வரவில்லை. அவளேதான் தூக்கியிருக்கிறாள். யாராவது வந்திருந்தால் எனக்கு இவ்வளவு மனம் நொந்திருக்காது.

எந்த வீட்டில்தான் கை நீளாது, மிஸ்? நான் அளவு தெரிந்தவன். முகத்தில் அடிக்க மாட்டேன், அயலட்டைக்குச் சத்தம் கேட்க விடமாட்டேன். அவளும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. அப்படித்தான் ஒரு மத்தியானம், கறி ஆறிக் கிடந்ததென்று கையை ஓங்கினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். முறுக்கவில்லை, தள்ளவில்லை. சும்மா பிடித்தபடி நின்றாள். என் கை ஒரு அங்குலம் அசையவில்லை.

“இனி இது வேணாம்,” என்றாள். “நான் உங்களுக்கு அடிக்க மாட்டன். நீங்களும் எனக்கு அடிக்க ஏலாது.”

பிறகு கறியைச் சுடவைத்துச் சோறு போட்டுத் தந்தாள். திருப்பி அடித்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் தேசிய அணிப் பயிற்சிக்குத் தெரிவு நடக்கப்போகிறது என்று தெரியவந்தது. எடுபட்டால் கொழும்பில் விடுதியில் தங்க வேண்டும். மாதக் கணக்கில். இதை அவள் என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். நான் கடைக்குப் போய் கேக் வாங்கி வந்து கொடுத்தேன். அன்றைக்கு மாமியும் வீட்டில் நின்றவர், கேட்டுப் பாருங்கள்.

அவளுக்கு ஒரு குறைதான் இருந்தது. இடது கால் உயர எழும்பாது, தொடையின் பின்பக்கம் இறுக்கம். வீட்டில் ஒருவர் பிடித்துவிட்டால் கெதியாக இளகும் என்று ஜெஸ்மின் ரீச்சர் வீட்டுக்காரர்களை மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் காட்டித் தந்தார். முதலில் ஓடியோ துள்ளியோ உடம்பைச் சூடாக்க வேண்டும். ஆறின உடம்பை இழுக்கவே கூடாது. ஆளைப் படுக்க வைத்து, ஒரு காலைத் தோளில் எடுத்து, மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். வலி எல்லைக்கு வந்தால் படுத்திருக்கிறவர் கையால் தட்டுவார், உடனே விட வேண்டும். நான் நல்ல கவனமாகக் கேட்டேன். பல நாட்கள் ஒழுங்காகவும் செய்தேன். கால் இளகிக்கொண்டு வந்தது. தெரிவில் எடுபடுவாள் என்று ரீச்சர் நம்பினார். நானும் நம்பினேன்.

தெரிவுக்கு முந்தின கிழமை ஒரு பின்னேரம், முற்றத்தில் நன்றாகத் துள்ளி வியர்த்து வந்தாள். தேத்தண்ணியைக் கொடுத்து ஃபேனுக்குக் கீழே கதிரையில் இருத்தினேன். விடுதிக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கதைத்துக்கொண்டிருந்தோம். கொழும்பில் நுளம்புக்கடி கூட, வலை கட்டாயம் என்றேன். அவளுடைய வியர்வை முழுதும் காயும்வரை கதைத்தேன். பிறகு அறைக்குள் இருந்த மெத்தையை இழுத்து வந்து முன்னறையில் விரித்தேன். தரை முதுகுக்கு நோகும் என்று சொன்னேன்.

“என்ன இண்டைக்கு, ராசாத்தி உபசாரம்?” என்று சிரித்துக்கொண்டு படுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தொடைத் தசை எலும்பைப் பிடித்திருக்கிற இடத்திலேயே கழன்றுவிட்டது என்றார் டொக்டர். அவள் தட்டியிருப்பாள், மெத்தையில் தட்டியதால் எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். மாமிகூட என் தோளில் சாய்ந்து அழுதார். ஜெஸ்மின் ரீச்சர் மட்டும் கட்டில் பக்கத்தில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

“மெத்தையில ஏன் தட்டினவள்? நாங்க ஆளிலதானே தட்டுறனாங்க.”

உண்மைதான். மண்டபத்தில் ஒரே கூச்சலாக இருக்கும். நிலத்தில் தட்டினால் யாருக்கும் கேட்காது. அதனால் அந்த வகுப்பில் எப்போதும் பிடிக்கிறவரின் உடம்பில்தான் தட்டுவார்கள். எனக்கும் அப்படித்தான் காட்டித் தந்தவர். வகுப்புப் பக்கமே போகாதவன் சொல்லுகிற பொய்யை நான் சொல்லிவிட்டேன். அவ்வளவு கவனமாக இருந்தவனுக்கு அது பெரிய வெட்கம்.

சரி, எழுதுங்கள். அவள் என் கையில்தான் தட்டினாள். முதலில் மெதுவாக, காலையில் என்னை எழுப்புகிற மாதிரி. பிறகு உள்ளங்கையால் அடித்தாள். பிறகு நகத்தால் பிடித்தாள். சேர்ட்டை மடித்துக் காட்டுகிறேன், இன்னும் ஆறவில்லை. மற்றக் காலை என் முழங்காலால் அமத்தியிருந்தேன், அதனால் அவளுக்குப் புரள முடியவில்லை. “விடுங்க” என்றாள். அதுவும் கேட்டது. என் முழுப் பாரத்தையும் கொடுத்தேன். தசை கழன்றபோது ஒரு சின்னச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் விட்டேன்.

இனிப் போட்டிக்குப் போக ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஊன்றுகோல் இல்லாமல் குசினிவரை போகவும் இன்னும் காலம் எடுக்குமாம். குளிக்க, கட்டிலால் எழும்ப, எல்லாவற்றுக்கும் நான்தான். கொஞ்சமும் முகம் சுளிக்காமல் செய்கிறேன். எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் இல்லை. சந்தேகமென்றால் வீட்டுக்கு வந்து அவளிடமே கேளுங்கள், மிஸ். நான் பக்கத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து வாருங்கள். அப்போதுதான் அவள் சரியாகப் பதில் சொல்லுவாள்.