விதைக்கு விட்ட காய்

பால்மிரா: ஏன்டி எர்சீலியா, அந்த உறை மேல என்ன எழுதறே?

எர்சீலியா: "துல்லியோவோட தாத்தா விதை"ன்னு. எம் பொண்ணு இல்தாவுக்கு அனுப்பணும். டூரின்ல, பால்கனித் தொட்டியில போடப் போறாளாம்.

பால்மிரா: எக்காளம் மாதிரி நீளமாக் காய்க்கிற சுக்கினிக் கொடியையா? பால்கனியிலயா? மேல் வீட்டுக்காரன் சமையக்கட்டுல போய்க் காய்க்கும்!

எர்சீலியா: காய்க்கட்டுமே. அப்பா வளர்த்ததுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா.

பால்மிரா: சரி... வெறும் "சுக்கினி"ன்னு எழுதிடேன்.

எர்சீலியா: ஏனாம்? தாத்தா காலத்துலேர்ந்து வர்ற கொடின்னு என் வீட்டுக்காரருக்கு இது மேல எவ்வளவு பெருமை! "பால்மிரா வீட்டுக் காய் கசக்கும்"பாரே.

பால்மிரா: மதில் மேல ஏறி நின்னு கத்துவான், படவா.

எர்சீலியா: பூவை மாவுல தோய்ச்சுப் பொரிச்சா, தட்டுக்கு வர்றதுக்குள்ள பாதி காணாமப் போயிடும்...

பால்மிரா: எர்சீலியா, பேனாவைக் கீழ வை.

எர்சீலியா: என்னடி?

பால்மிரா: நீ கல்யாணமாகி மலையிலேர்ந்து இறங்கி வந்த வருஷம்... பந்தல்ல ஒரே ஒரு காயை விதைக்குன்னு முத்த விட்டிருந்தான்.

எர்சீலியா: பழுப்பா, பூசணி மாதிரி. பறிச்சு சூப் வச்சுட்டேன்.

பால்மிரா: விதையை?

எர்சீலியா: கோழிக்குப் போட்டேன். எங்க ஊர்ல இந்தக் காயை யாரு கண்டா? அவர்தான், "பரவாயில்ல, அலமாரியில இன்னொரு பொட்டலம் இருக்கு"ன்னாரு.

பால்மிரா: பொட்டலமே கிடையாதுடி. மறுநாள் தொப்பியைக் கையில பிடிச்சுகிட்டு எங்கப்பா முன்னால வந்து நின்னான்.

எர்சீலியா: சொல்லு.

பால்மிரா: "பத்து விதை குடுங்க. எர்சீலியாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், அழுவா"ன்னான். முப்பத்தெட்டு வருஷமா உன் பந்தல்ல காய்க்கறது எங்க வீட்டு விதை. அவனைப் புதைச்ச அன்னிக்குக்கூட எனக்குச் சொல்ல வாய் வரல.

எர்சீலியா: தெரியும்.

பால்மிரா: தெரியுமா? அப்புறம் எதுக்குத் தாத்தா விதைன்னு எழுதறே?

எர்சீலியா: எனக்காகச் சொன்ன பொய்யாச்சே, நான் எப்படி அழிப்பேன்? அலமாரியைத் துடைச்சு அடுக்கினதே நான்தான், பால்மிரா. அதுல பொட்டலம் ஏது? அன்னிக்குப் பந்தலை அண்ணாந்து பார்த்தாரு. பேசாம உட்கார்ந்து ரெண்டு கிண்ணம் சூப் குடிச்சாரு. என்னிக்காவது திட்டுவாரு, அப்ப மன்னிப்புக் கேட்டுடலாம்னு காத்துக்கிட்டே இருந்தேன்... கடைசி வரைக்கும் மனுஷன் திட்டவே இல்லையேடி.