தட்டைத் துகளுக்கு ஒரு வெற்றி விழா

தலைமை தாங்கும் மேலாளர் அவர்களே! வயதால் பாதியும் பெயின்ட்டால் பாதியும் நரைத்த பெரியோர்களே! மடியில் பிள்ளையும் முகத்தில் பெருமையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சோதனைக்கூடத்துக்காரி உங்களை வணங்குகிறேன்.

நம் சில்வர் பெயின்ட்டின் பழைய பெயர் என்ன? திறந்தால் மேலே எண்ணெய், அடியில் பாறை! உருண்டை உருண்டையான உலோகத் துகள்கள் ஒரே வாரத்தில் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. வாங்கியவர் திட்டினார், விற்றவர் திட்டினார், ஜன்னலுக்கு அடித்த என் கணவரும் திட்டினார். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் அதே கதைதான்!

போன வருடம் இதே நாள். மனைவிக்குப் பிரசவ வலி என்று நம் அரவை மில்காரருக்குத் தொலைபேசி வந்தது. போட்டது போட்டபடி ஓடினார். மில்லை நிறுத்தினாரா? இல்லை! மூன்று மணி நேர அரவை, இரவுக் காவலர் வந்து நிறுத்தும்வரை ஒன்பது மணி நேரம் ஓடியது. உள்ளே உருளும் இரும்புக் குண்டுகள் துகள்களையெல்லாம் தட்டித் தட்டித் தகடாக்கிவிட்டன.

மறுநாள் வந்தவர் தலையில் கைவைத்து நின்றார்.

"அக்கா, நேத்துதான் பொண்ணு பொறந்தா. இன்னிக்கு வேலை போயிடும் போலிருக்கே!"

மேலாளரோ, "தூளைக் கொட்டுங்க, ஆளை அனுப்புங்க" என்றார். மன்னிக்க வேண்டும் ஐயா, நடந்ததைத்தானே சொல்கிறேன்!

"ஒரு டீ குடிக்கிற நேரம் கொடுங்க சார்" என்றேன். இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் சீக்கிரம் தெரிவதற்காக நீர்க்க இளக்கிய ஒரே எண்ணெய். ஒன்றில் உருண்டைத் துகள், மற்றதில் தட்டைத் துகள். உலோகம் வேறா? இல்லை. எடை வேறா? இல்லை. வடிவம், வடிவம் மட்டுமே வேறு! டீ ஆறுமுன் உருண்டை அடியைத் தொட்டது. தட்டையோ அகன்ற உடம்பால் எண்ணெயை விலக்க முடியாமல், அசைந்து, ஆடி, மேலேயே மினுங்கியது. மேலாளர் டீயை மறந்தார். மில்காரர் மூச்சை மறந்தார்!

"என்னய்யா செஞ்சே?"

"நிறுத்த மறந்துட்டேன் சார்."

"இனிமே தினமும் மறந்துடு!"

அந்தத் தட்டைத் துகளைக் கலந்து அன்று அடைத்த டின் இதோ. ஓராண்டாக யாரும் அசைக்கவில்லை. குச்சியை விடுகிறேன்... இறங்குகிறது... அடிவரை இறங்குகிறது! பாறை இல்லை, தோழர்களே, பாறை இல்லை!

முன்வரிசையில் கைதட்டும் சின்னவளே, நீ அவசரப்பட்டுப் பிறந்தாய். எங்கள் துகள் அவசரத்தை விட்டது. இந்த டின்னின் முதல் பூச்சு உன் நடைவண்டிக்கே! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. உங்கள் வீட்டு ஜன்னல்களுக்கும் என் வணக்கம்!