கொக்கியில் சுற்றிய மஞ்சள் துணி

தொட்டில் ஸ்பிரிங்கை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. விலை கேட்கும்போது பார்ப்பார்கள், மாட்டும்போது பார்ப்பார்கள், அதோடு சரி. பிறகு அது பாட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் விற்ற சாமான்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். நல்ல கம்பி, நல்ல முறுக்கு, மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி.

நீங்கள் குழந்தையைப் பற்றிக் கேட்கிறீர்கள், மேடம். தனசேகரின் குழந்தை தொட்டிலோடு எப்படி விழுந்தது என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்கிறேன். ஆனால் ரிட்டர்ன் விவகாரம் தெரியாமல் அது உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் தனசேகரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அவனுக்குத் திருச்செங்கோடு, எனக்குச் சேலம். அஸ்தம்பட்டியில் என் வீட்டின் கீழ்ப்பகுதியை ஒழித்துவிட்டு இரண்டு பேருமாக ஆன்லைனில் கடை போட்டோம். தொட்டில் ஸ்பிரிங், ஊஞ்சல் சங்கிலி, கொக்கி. பட்டறைக்குப் போய்ச் சரக்கு எடுப்பது அவன் வேலை. பார்சல் கட்டுவதும், வாங்குகிறவர்களோடு மல்லுக்கட்டுவதும் என் வேலை. அவனுக்கு வாய் சாமர்த்தியம் அதிகம். ஆனாலும் சண்டை போடுகிற வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது.

வாங்குகிற ஜனங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பிள்ளைகளைத் தூங்கவைத்துத் துருவேறிப்போன பழைய ஸ்பிரிங்கை எங்கள் பெட்டியில் போட்டு, “புதுசே இப்படித்தான் வந்தது” என்று திருப்பி அனுப்புவார்கள். ஒரு மகராசன் செங்கல் அனுப்பினான். நன்றாக வெந்த செங்கல், குறை சொல்ல முடியாது. ஆன்லைன் கம்பெனிக்காரர்கள் எப்போதும் வாங்கினவர் பக்கம்தான் பேசுவார்கள். நான் தொண்டை வறளக் கத்தினாலும், “உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது” என்று ஒரு பதில் வரும். புரிந்தால் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அதனால் ஒவ்வொரு பார்சலையும் வீடியோ எடுத்துக்கொண்டேதான் கட்டுவேன். பொருளைக் கேமராவுக்கு முன் பிடித்து நான்கு பக்கமும் திருப்ப வேண்டும். கொக்கியைக் கிட்டத்தில் காட்ட வேண்டும். பெட்டியில் வைத்து டேப் ஒட்டுகிறவரை நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் செல்லாது என்பார்கள். கடைசியில் கல்யாண வீட்டுக்குப் பரிசு கட்டினால்கூட என் கை தானாகப் போனை எடுத்து ஸ்டாண்டில் மாட்டும். தனசேகரின் மனைவி அபிநயா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

போன வருஷம் ரிட்டர்ன் தாங்க முடியாமல் போனது. எல்லாம் ஒரே புகார்: கொக்கியில் வெட்டு இருக்கிறது, குழந்தைக்கு ஆபத்து. பளிச்சென்று போட்டோ, ஒற்றை நட்சத்திரம். எங்கள் பெயர் கெட்டது. ஆர்டர் நின்றது. நான் வீடியோக்களை அனுப்பி அனுப்பித் தோற்றேன். ராத்திரி சாப்பாடு இறங்காது. தனசேகர்தான் தோளில் தட்டுவான்.

“உடு மாப்ள. ஊர்ல பாதிப் பேரு திருட்டுப் பயலுகதான். நீ எதுக்கு மனச உட்டுப்போட்டு உக்காந்திருக்கற? ஊட்டுக்கு வா, அபி கறிக்கொழம்பு வெச்சிருக்கறா.”

நானும் போய்ச் சாப்பிட்டேன். தன் கையாலேயே பரிமாறினான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம்.

எனக்கு விஷயம் தெரிந்தது டேப்பில்தான். டேப் ஒட்டுகிறவர்கள் கடைசி முனையை அழுத்தித் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தனசேகர் மட்டும் முனையைக் கொஞ்சம் உள்பக்கம் மடித்து ஒட்டுவான், பிரிக்கிறவனுக்கு நகம் நோகக் கூடாது என்று. வேறு யாரிடமும் நான் பார்க்காத பழக்கம். ஒருநாள் ரிட்டர்ன் வந்த பெட்டியைப் பிரிக்கப் போனேன், முனை மடிந்திருந்தது. அடுத்த பெட்டியை எடுத்தேன், அதிலும் மடிந்திருந்தது. அனுப்பிய பெயர்கள் வேறு வேறு. ஆனால் எல்லாம் வாழப்பாடியும் அதைச் சுற்றின ஊர்களும். வாழப்பாடி அபிநயாவின் அம்மா வீடு. தலைப்பிரசவத்துக்கு அவள் அப்போது அங்கேதான் இருந்தாள்.

மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போவதுபோலப் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சௌந்திரம் மோர் கொடுத்தார். பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே எங்கள் ஸ்பிரிங்குகள், வேறு பெயர் அச்சடித்த புதுப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. சுவரோரம் இரும்பு அறுக்கிற ஹேக்ஸா பிளேடு ஒன்று.

“மாப்பிள்ளை தனியா கடை போடறாரே, உங்ககிட்ட சொல்லலையா தம்பி?” என்று அந்த அம்மாள் வெள்ளந்தியாகக் கேட்டார்.

சொன்னான் என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்து முடித்தேன்.

அவன் செய்தது சுலபமான வேலை. தெரிந்தவர்கள் பெயரில் எங்கள் கடையிலேயே வாங்குவான். நல்ல சரக்கை வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு கொக்கியை மட்டும் பாதி அறுத்துப் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவையே எல்லாப் புகாருக்கும் வைத்து, பெட்டியில் அறுத்ததையோ பழைய இரும்பையோ போட்டுத் திருப்பிவிடுவான். என் கடை சாகும், அவன் கடை பிறக்கும். திருடன் வெளியூர்க்காரன் என்று நினைத்து நான் யார் யாரையோ சபித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. அன்னியன் ஏமாற்றினால் கோபம்தான் வரும்.

நான் அவனைக் கேட்கவில்லை. கேட்டால் அழுவான், அழுதால் மன்னித்துவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

ஆண் குழந்தை பிறந்தது. அபிநயாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. தொட்டில் போடுகிற அன்று தாய்மாமன் கையால்தான் தொட்டில் கட்ட வேண்டும். அவளே போன் செய்தாள். “அண்ணா, என் புள்ளைக்கு மாமன் நீங்கதான். நீங்க வந்து கட்டினாத்தான் நான் அவன இறக்கிப் போடுவேன்.” சரி என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நம்புங்கள்.

மாமன் சீராகச் சேலை வாங்கினேன், வெள்ளிக் காப்பு வாங்கினேன். ஸ்பிரிங் என்னிடமே இருந்தது. வாழப்பாடியிலிருந்து ரிட்டர்ன் வந்தது, மேல் கொக்கியின் வளைவில் உள்பக்கமாகப் பாதி அறுத்தது. அவன் பொருளை அவனுக்கே திருப்புகிறேன், இதில் என்ன தப்பு என்று தோன்றியது. வழக்கம்போலப் போனை ஸ்டாண்டில் மாட்டினேன். நான்கு பக்கமும் திருப்பினேன். வெட்டைக் கிட்டத்தில் காட்டினேன். அந்த வீடியோதான் இப்போது உங்களிடம் இருக்கிறது. அழித்திருக்கலாமே என்றார் உங்கள் ஏட்டையா. பார்சல் வீடியோவை எப்படி அழிப்பது? நாளைக்குத் தகராறு என்று வந்தால் நான் எதைக் காட்டுவேன்?

வாழப்பாடியில் பின்னறைக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். நான் ஏணியில் ஏறி ஸ்பிரிங்கை மாட்டினேன். கொக்கியைச் சுற்றி மஞ்சள் துணி சுற்றி, மேலே மல்லிகைச் சரம் கட்டினேன். எங்கள் ஸ்பிரிங்கோடு ஒரு பாதுகாப்புச் சங்கிலி வரும், ஸ்பிரிங் விட்டாலும் தொட்டிலைத் தாங்குவதற்கு. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பூச்சுற்ற இடைஞ்சலாக இருந்தது. தனசேகர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒருதடவை அண்ணாந்து பார்த்திருந்தால் போதும். அவன் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர்கள் வெற்றிலை வைத்து, பையனுக்குக் கலையரசன் என்று பெயர் வைத்தார்கள். நான் கலைமணி. என் பெயரில் பாதியைக் கேட்டு வாங்கியது தனசேகர்தான் என்று அபிநயா சொன்னாள்.

பிறந்த குழந்தைக்குப் பூ அளவு எடைதான். அந்தக் கம்பி கொஞ்ச நாள் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். பையன் கன்னம் உப்பிக்கொண்டு வந்தான், கால் உதைத்தான். நானும் ஆட்டிவிட்டிருக்கிறேன்.

பிறகு ஒருநாள் தனசேகர் என் வீட்டுக்கு வந்தான். வந்தவுடனே காலில் விழுந்தான்.

“மாப்ள, உனக்குப் பெரிய துரோகம் பண்ணிப்போட்டேன்டா. புள்ள மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம் கூசுது. அந்தக் கடைய மூடிப்போடறேன். எல்லாத்தையும் கம்பெனிக்குச் சொல்லி உன் பேர நேர் பண்ணிக் குடுத்தர்றேன். எதாச்சும் பேசுடா.”

தூக்கி நிறுத்தினேன். பரவாயில்லை என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். மனப்பூர்வமாகத்தான் மன்னித்தேன், அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். குழந்தை எப்படி இருக்கிறான் என்றுகூடக் கேட்டேன். “உன் தொட்டில்லதான்டா தூங்கறான், கீழ எறக்குனா அழறான்” என்றான். அப்படியா என்றேன்.

அவன் போய் இரண்டு நாள் கழித்துக் கொக்கி விட்டது. கீழே சிமெண்டுத் தரை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அவன் எனக்குச் சொல்ல எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டான் என்பதையும் பாருங்கள். சொல்லியிருந்தால் அவன் உடனே வாழப்பாடிக்கு ஓடிக் குழந்தையை இறக்கியிருப்பான். அது எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன். அறுத்தது அவன், மாட்டியது நான். யார் பங்கு பெரிது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? சாயங்காலத்துக்குள் என்னை விட்டுவிட்டால் உதவியாக இருக்கும், மேடம். நாளைக் காலையில் குழிக்குப் பால் ஊற்றுகிறார்கள். மாமன் முறைக்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன், நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அபிநயா தாங்க மாட்டாள்.