புழுவின் ஜாதகம்

— சுத்தி வளைக்காதீங்க டாக்டரம்மா. காத்தாயி ஆட்டுலேருந்துதான் புழு வந்துச்சு. ஆமாவா, இல்லையா?

— உபைதுல்லா பாய், நான் இன்னும் கால்நடை டாக்டராகல, படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எழில்மொழின்னே கூப்பிடுங்க.

— என் பட்டியில செத்த ஆட்டோட வயித்தக் கிழிச்சு, புழுவ சீசாவுல போட்டு எடுத்துட்டுப் போனீங்க. அன்னையிலேருந்து அதுக்கு ஜாதகம் எழுதுறீங்க. டாக்டர் இல்லாட்டி சோசியரா?

— ஜாதகம்னே வச்சுக்குங்க. அந்தப் புழுவோட மரபணுவ முழுசாப் படிச்சாச்சு. நூல் மாதிரி கெடக்கு, உள்ள எவ்வளவு பெரிய கதை இருக்கு தெரியுமா?

— கதை வேணாம். தீர்ப்பச் சொல்லுங்க. போன கோடையில எருவுக்குன்னு அவ ஆட்ட என் வயல்ல கிடை போடவிட்டேன். அப்புறம்தான் என் செம்மறி ஒவ்வொண்ணா வெளுத்துப்போய்ச் சாவுது. சவுதியில பாடுபட்டதெல்லாம் அந்தப் பட்டியிலதான் இருக்கு. இந்த வருஷம் அவ ஆட்ட அப்படியே வயலுக்குள்ள விட மாட்டேன்.

— அவங்க ஆட்டுப் புழுவையும் படிச்சேன் பாய். அது வேற, உங்களது வேற. நீங்க புழு மருந்து எப்பெப்ப ஊத்துவீங்க?

— மாசம் தவறாம. ஒரு ஆடு விடாம. மருந்தக்கூட மாத்துனது இல்ல!

— அங்கதான் வெனை. சாகுற புழுவெல்லாம் செத்துடுச்சு. மருந்தத் தாங்குனது மட்டும் முட்ட போட்டுப் பெருகிடுச்சு.

— அப்ப நானே சோறு போட்டு வளத்தேன்ங்கிறீங்க?

— கோவப்படாதீங்க. காத்தாயிக்கா மருந்தே ஊத்துனதில்ல. அவங்க புழு இன்னும் மருந்துக்குச் சாகுது. உங்க ஆட்டுக்கு நான் வேற மருந்து தர்றேன். அதுக்கப்புறம் அவங்க புழு உங்க மேய்ச்சல்ல வந்து கலக்கணும். ரெண்டும் சேந்து பெருகுனாத்தான் அடுத்து வர்ற புழுவுல நெறைய மருந்துக்குச் சாகும். பட்டி மிஞ்சணும்னா அந்தப் புழு நமக்கு வேணும்.

— புழுவ வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமாக்கும்.

— ஆமா பாய். அழைச்சே ஆகணும்... ஏன் எந்திரிச்சிட்டீங்க?

— காலையில நானே அவ கையில மருந்து பாட்டிலக் குடுத்தேம்மா. அத்தன ஆட்டுக்கும் ஊத்திட்டு ஊருக்குள்ள வா, இல்லாட்டி மயிலாடுதுறைப் பக்கம் போயிருன்னுட்டேன்.

— ஐயோ! ஊத்திட்டாங்களா?

— வெயில் தாழ ஊத்துறேன்னு சொன்னா. இருங்க, ரிங் போகுது... காத்தாயி, உபைதுல்லா பேசுறேன். மூடியத் தொறந்துட்டியா? இல்லையா? அல்ஹம்துலில்லாஹ்! கீழ வை. ஒரு சொட்டு ஊத்தாத. அப்படியே, புழுவோட, என் வயலுக்கு வா.