ஆயில்யமும் அஞ்சரை மணி நேரமும்

இல்ல ஆன்ட்டி, தண்ணி அப்புறம் குடிக்கறேன், மொதல்ல மனசுல இருக்கறத கொட்டிடறேன்! ஆமா, நான்தான் நிஷா. நாவலூர் ஆஃபீசுக்கு அரை நாள் லீவு போட்டு, பஸ் மாறி மாறி முடிச்சூர் வந்திருக்கேன். பொண்ணே மாப்பிள்ள வீட்டுக்குத் தனியா வருதேன்னு எதுத்த வீட்ல எட்டிப் பாக்கறாங்க... பாக்கட்டும்!

ஞாயித்துக்கிழம மூணரைக்குப் பொண்ணு பாக்க வர்றீங்கன்னு கேசரி, வாழக்கா பஜ்ஜி, எங்கம்மா பட்டுப் புடவ... ஆறரை வரைக்கும் உக்காந்திருந்தோம். ஈ காக்கா வரல! எங்கப்பா ஒருத்தரே பதினோரு பஜ்ஜி தின்னு இன்னும் ஏப்பம் விடறாரு. நேத்து ஃபோன்ல "சரிப்படாது"ன்னு ஒரே வார்த்த. ஏன் சரிப்படாது? எனக்குத் தெரியும் ஆன்ட்டி. ஆயில்யம்! மாமியாருக்கு ஆகாது, அதான?

நான் ஆயில்யமே இல்ல ஆன்ட்டி! மகம். விடிகால நாலு பத்துக்குப் பொறந்தேன், இந்தாங்க ஆஸ்பத்திரி சீட்டு. எல்லாம் எங்க கம்பெனி கல்யாண வெப்சைட் பண்ண வேல. உங்க பையன் சக்தி என்னப் பாத்தாரே, அதே சைட்டுதான். சர்வர்னு ஒரு கம்ப்யூட்டர், அமெரிக்காவுல கெடக்கு. அது எல்லா நேரத்தையும் லண்டன் மணிக்கு மாத்தி வெச்சுக்கும். அப்போ நம்மள விட அஞ்சரை மணி நேரம் பின்னாடி. விடிகால நாலு பத்து, மொத நாள் ராத்திரி பத்து நாப்பது ஆயிடுச்சு. மகம் போயி ஆயில்யம் வந்துடுச்சு. மகம் ஜெகத்த ஆளும்பாங்க, என்னால ஒரு கம்ப்யூட்டர ஆள முடியல!

என்ன சிரிக்கறீங்க? ...நீங்களா? நீங்களே ஆயில்யமா! அப்போ உங்க மாமியார்... எம்பத்தி நாலு வயசா? நேத்துகூட படப்பைலேர்ந்து பஸ்ல நின்னுகிட்டே வந்தாங்களா? நல்லா இருக்கட்டும்!

அப்புறம் ஏன் ஆன்ட்டி வேணாம்னீங்க? சக்தியும் ஞாயித்துக்கிழமலேர்ந்து ஃபோன எடுக்கல. மூணு தடவதான் பேசியிருக்கோம், ஆனா எனக்கு அவரப் புடிச்சிருக்கு ஆன்ட்டி. இல்லன்னா வெக்கத்த விட்டு இங்க வந்து உக்காருவனா?

என்னது... வந்தீங்களா? எப்போ? காலைல பத்து மணிக்கா? வீடு பூட்டியிருந்துச்சா? ஐயோ, பத்து மணிக்கு நாங்க பூ வாங்க தாம்பரம் மார்க்கெட்ல இல்ல இருந்தோம்! ...வீட்டு லேண்ட்லைன் வேற உள்ளயே அடிச்சுதா? தட்டுல பழத்தோட கேட்டுலயே அர மணி நேரம்... அந்த வெயில்லயா?

சைட்ல எனக்கு மூணரைன்னுதான் இருந்துச்சு ஆன்ட்டி, சத்தியமா! வியாழக்கிழம உங்க சக்தி பத்துன்னுதான் போட்டாரா? பத்து... மூணரை... அஞ்சரை மணி நேரம்.

அடக் கடவுளே.

வெள்ளிக்கிழம... இல்ல, யாரும் பண்ணல, நான்தான். ஆயில்யத்த வெரட்டணும்னு சர்வர்ல எல்லா நேரத்துலயும் அஞ்சரைய கூட்டிட்டு, பஸ்ஸப் புடிக்க ஓடிட்டேன். ஜெரூஷான்னு என் பக்கத்து சீட்டு, "நிஷா, நில்லு, நான் ஒண்ணு..."ன்னு கூப்புட்டா. நாளைக்குச் சொல்லுன்னுட்டேன். இன்னிக்குக் காலைலதான் சொன்னா, என் மண்டைல இப்பதான் ஏறுது. அவ அன்னிக்கே அவங்கவங்க வீட்டுக் கம்ப்யூட்டரே அஞ்சரைய கூட்டிக்கற மாதிரி எழுதி வெச்சிருந்தா. ரெண்டு தடவ கூட்டியாச்சு! என் பக்கத்த தொறந்து பாத்தேன், மகம்னு வந்துடுச்சு, குதிச்சேன். பொறந்த நேரம் ஒம்பது நாப்பதுன்னு இருந்தத யாரு பாத்தா? ஊரையே திட்டிகிட்டு வந்தேன் ஆன்ட்டி, கடைசில உங்கள வெயில்ல நிக்க வெச்சது நான்தான். மன்னிச்சிடுங்க.

...நெஜமாவா? மறுபடி வர்றீங்களா? அதுக்கு... ஆன்ட்டின்னு கூப்புடக் கூடாதா? சரிங்க... அத்த. ஐயோ, கண்ணெல்லாம் வேர்க்குது, இப்போ தண்ணி குடுங்க.

சைட்லயெல்லாம் வேணாம் அத்த. இந்தக் காலண்டர் தாள்லயே எழுதிக்கறேன். வர்ற ஞாயித்துக்கிழம, காலைல பத்து மணி. உங்க சுவர்க் கடிகாரம் இப்போ அஞ்சு இருவதுதான? என் வாட்ச்ல அஞ்சு பத்து...

என்னது? சக்தி லேட்டா எழுந்துக்கறாருன்னு பத்து நிமிஷம் கூட்டி வெச்சிருக்கீங்களா?

அத்த... அப்போ ஞாயித்துக்கிழம எந்தப் பத்து மணி?